பதில் கோஷம்

கீழத்தோட்டம், ஏரல் வழி
12 ஜனவரி 2025

பூதலிங்கம் அண்ணாச்சிக்கு மதார் ஸலாம் சொல்லி எழுதுவது.

போன வியாழக்கிழமை ஏரல் பஜாரில் உங்கள் கட்சிக் கூட்டம் நடந்தபோது, பின்னால் டீக்கடைப் பக்கமிருந்து "ஜிந்தாபாத்" என்று ஒரு சத்தம் வந்ததே, அது நான்தான். கையில் உளுந்தவடை இருந்தது. அதோடுதான் கையைத் தூக்கினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. வாழைத்தார் ஏற்றி முடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். உங்கள் கட்சிக் கூட்டம் என்று தெரிந்ததும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். எங்கள் கிளைச் செயலாளர் கிங்ஸ்டன் பக்கத்திலேயே இருந்தார், அதனால் முதுகை நன்றாகவே காட்டினேன். நீங்கள் மைக்கைப் பிடித்து "இன்குலாப்" என்றீர்கள். உங்கள் ஆட்கள் "ஜிந்தாபாத்" என்றது, வீட்டில் அரிசி இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நீங்கள் இழுத்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினீர்கள் பாருங்கள், இருபது வருடமாக எனக்கென்று நீங்கள் விடுகிற இடம் அது. என் வாய் என்னைக் கேட்கவில்லை.

பஜாரே திரும்பிப் பார்த்தது. கிங்ஸ்டன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மதாரு, நீரு எந்தக் கட்சிவே" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. ஒரே கட்சி, ஒரே கொடி. நீங்கள் கோஷம் போட, நான் பதில் போட. உடைந்த பிறகு கொடியில் நட்சத்திரம் உங்களுக்கு இடப்பக்கம், எங்களுக்கு வலப்பக்கம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கட்சி.

இப்போது என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "அது மதாரின் குரல் அல்ல" என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எதிர்க்கட்சிக்காரர் சாட்சிக்கு மதிப்பு கூடுதல்.

உடைந்த அன்று நீங்கள் என்னிடம், "இனிமே ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன், போன்லயும் பேச மாட்டேன்" என்றீர்கள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் நான் பள்ளிக்கூடத்துக்குத் தொந்தரவு கொடுத்தேன்.

மதார்

வடை கீழே விழுந்துவிட்டது. அதையும் உங்கள் கட்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.


தச்சநல்லூர்
17 ஜனவரி 2025

திரு. மதார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேலே 'தோழர்' என்று எழுதி அடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பிரிந்துபோனவரைத் தோழர் என்று அழைக்கலாமா என்பது குறித்து எங்கள் கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை.

1. கடிதத்தை நான் விலக்கவில்லை என்ற தங்கள் வாதம் சரியானது. ஆகவே பதில் எழுதுகிறேன்.

2. பொய்ச்சான்று தர இயலாது. அது தங்கள் குரல்தான்.

3. அரை நொடி தாமதமாக வந்தது. முன்பெல்லாம் தாமதிக்க மாட்டீர்கள். வடை காரணமாக இருக்கலாம்.

4. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி ராஜராஜேஸ்வரி, "எழுதித் தொலைங்க, மூணு வருசமா எங்கிட்டதான சொல்லுதிய" என்கிறாள். அன்று சங்க அலுவலகத்தில் என் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். முதலில் எழுந்த கை தங்களுடையது. வெறும் கைகூட அல்ல, முஷ்டி. இருபது வருடம் நான் சொன்னதற்கெல்லாம் தெரு அதிரப் பதில் சொன்ன மனிதர். தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. கட்சி இரண்டானது. ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முஷ்டி என் கண் முன்னால் வந்துபோகிறது.

5. அந்த வியாழக்கிழமைக் கூட்டம், வெள்ளத்துக்குப் பிறகு நின்றுபோன கீழத்தோட்டம் விடியற்காலைப் பேருந்துக்காக நடந்தது. தாங்கள் வடையில் கவனமாக இருந்ததால் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பூதலிங்கம்
மின்வாரியம் (ஓய்வு)


கீழத்தோட்டம்
22 ஜனவரி 2025

அண்ணாச்சி,

உங்கள் நான்காம் நம்பரைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வீட்டில் மும்தாஜ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நீங்கள் தீர்மானத்தைப் பேசி முடிக்கிற இடத்தில், பழக்கத்தில் "முதலாளித்துவம்" என்று இழுத்து மூச்சை நிறுத்தினீர்கள். நான் "ஒழிக" என்று கையைத் தூக்கினேன். அதே நேரம் பார்த்துத் தலைவர் "எதிர்ப்பவர்கள்" என்றார். என் கையை எண்ணிவிட்டார்கள். இறக்குவதற்குள் கிங்ஸ்டன் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "நீரு எங்க பக்கம் நிப்பீருன்னு நெனைக்கவே இல்ல வே" என்று அழுதுவிட்டார். அழுகிற மனுஷனிடம், இது கோஷத்துக்குத் தூக்கிய கை என்று எப்படிச் சொல்வது. அன்று சாயங்காலமே உங்களிடம் சொல்லலாம் என்று வந்தேன். நீங்கள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றீர்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

அந்தத் தீர்மானம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய முதலாளியை முதலில் எதிர்ப்பதா, சின்ன முதலாளியை முதலில் எதிர்ப்பதா என்று ஏதோ. நம் ஊரில் இருந்ததே ஒரு முதலாளி, ரைஸ்மில்காரர். அவரும் மில்லை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

சரி, என் தண்டனையைக் கேளுங்கள். விளக்கம் என்று "பழக்கம்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். கமிட்டி ஏற்கவில்லை. எங்கள் கட்சியும் அதே பேருந்துக்காக டெப்போ முன்னால் ஆர்ப்பாட்டம் வைத்தது. அதில் என்னையே கோஷம் போடச் சொல்லிவிட்டார்கள். "இன்குலாப்" என்றேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கம் பதில் போடுகிறவன் நான்தானே. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே "ஜிந்தாபாத்" என்றேன். முழு ஆர்ப்பாட்டத்தையும் நானே போட்டு நானே பதில் சொல்லி முடித்தேன். காவலுக்கு வந்த போலீஸ்காரர் தண்ணீர் கொடுத்தார்.

இனிமேல் எழுதுவது சிரிப்பு இல்லை. டெப்போ மேனேஜர் எங்களைப் பார்த்து, "நேத்து வந்தவங்க அஞ்சரைக்கு வண்டி கேட்டாங்க. நீங்க ஆறுக்குக் கேக்கிய. எங்கிட்ட இருக்கது ஒரு வண்டி. மொதல்ல ஒங்களுக்குள்ள பேசி ஒரு நேரத்தச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து கிங்ஸ்டனிடம், நாமும் ஐந்தரை என்று சொன்னால் என்ன என்று கேட்டேன். "அவங்க அஞ்சரைன்னு சொன்ன பெறகு நாம எப்படி வே அஞ்சரைன்னு சொல்ல முடியும்" என்கிறார்.

என் மகள் தஸ்மியா திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அந்த வண்டி இருந்தவரை நேரத்துக்குப் போனாள். இப்போது நான் டிவிஎஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் வரை கொண்டுபோய் பஸ் ஏற்றுகிறேன். டிவிஎஸ்ஸுக்கு என் வயது. வாரத்தில் பாதி நாள் முதல் வகுப்பு போய்விடுகிறது. வருகை குறைந்தால் பரீட்சைக்கு விட மாட்டார்களாம். நேற்று என்னிடம், "வாப்பா, வெள்ளம் ஒரு தடவதான் வண்டிய நிப்பாட்டுச்சு. ஒங்க ரெண்டு கட்சியும் தெனமும் நிப்பாட்டுதிய" என்றாள்.

நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா.

மதார்


தச்சநல்லூர்
29 ஜனவரி 2025

தோழர் மதார்,

(கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன்.)

கை விஷயத்தை ராஜராஜேஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "மூணு வருசமா மூஞ்சத் தூக்கி வச்சிருந்தியளே, மூச்ச நிறுத்துனது நீங்கதான" என்றாள். இது குறித்து எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

தாங்கள் போன பிறகு எனக்குப் பதில் சொல்ல எங்கள் செயலாளர் சிவசைலத்தை நியமித்தார்கள். கொள்கைத் தெளிவு உள்ளவர். ஆனால் 'வாழ்க' என்பதையும் 'ஒழிக' என்பதையும் ஒரே குரலில் சொல்கிறார். ஒருமுறை என் கோஷத்தின் பின்பாதியில் தனக்கு உடன்பாடில்லை என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊர்வலமும் நின்றது.

தஸ்மியா விஷயத்தைக் கமிட்டியில் வைத்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து போராடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. 'கூட்டுப் போராட்டம்' என்றால் ஒன்றாகிவிட்டோம் என்று ஆகிவிடும். 'ஐக்கியம்' என்றால் உடைந்தது தவறு என்று ஆகிவிடும். கடைசியில் 'ஒரே நாளில், ஒரே இடத்தில், தனித்தனியாக' என்று தீர்மானம் நிறைவேறியது. நேரத்தை விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஐந்தரை எங்கள் கொள்கை முடிவு.

ஹெப்ரானின் ஒலிபெருக்கிக் கடையில் வைத்துப் பேசலாம். இரண்டு கட்சியும் அவரிடம்தான் மைக் செட் எடுக்கிறோம், ஆகவே அது நடுநிலையான இடம். எங்கள் தரப்பில் சிவசைலம் வருவார். நான் வருவதற்கில்லை. தங்கள் முகத்தில் விழிப்பதில்லை என்ற முடிவு இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூதலிங்கம்


கீழத்தோட்டம்
10 பிப்ரவரி 2025

அண்ணாச்சி,

பேச்சுவார்த்தை முடிந்தது. நீங்கள் வராதது உங்கள் உடம்புக்கு நல்லது.

முதல் சண்டை நோட்டீசில். யார் பெயர் மேலே.

"எங்க பேருதான் மேல வரணும். டெப்போ வாசல்ல மொதல்ல ஆர்ப்பாட்டம் பண்ணுனது நாங்க" என்றார் கிங்ஸ்டன்.

"பஜார்ல கூட்டம் போட்டது யாருவே. அன்னைக்கு நீரு டீதான குடிச்சீரு" என்றார் உங்கள் சிவசைலம்.

"டீ குடிச்சாலும் ஒம்ம கூட்டத்துக்கு எங்க ஆளுதான பதில் போட்டான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெப்ரானின் ஒலிபெருக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஹெப்ரான் வயரைச் சுற்றிக்கொண்டே, "நோட்டீச வட்டமா அடிச்சிருங்க அண்ணாச்சி. பேர சுத்தி வரப் போட்டுரலாம். வட்டத்துல எது மொதல், எது கடைசி" என்றார். அந்த ஒரு பேச்சில் சண்டை தீர்ந்தது. வட்டமாகவே அடித்தாயிற்று. ஏரல் முழுக்க ஒட்டியும் ஆயிற்று. எங்கள் ஆட்கள் எங்கள் பெயர் மேலே வருகிற மாதிரி ஒட்டினார்கள். உங்கள் ஆட்கள் உங்கள் பெயர் மேலே வருகிற மாதிரி ஒட்டினார்கள். 'விடியற்காலைப் பேருந்து வேண்டும்' என்ற வரி பாதிச் சுவரில் நேராகவும் பாதிச் சுவரில் தலைகீழாகவும் இருக்கிறது. பஜாரில் ஜனங்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு படிக்கிறார்கள்.

இரண்டாவது சண்டை கோஷத்தில். அவரவர் கோஷத்துக்கு அவரவர் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும், அடுத்த கட்சி கோஷத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். உடைந்த பிறகு இரண்டு கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் இதுதான். முடித்ததும் கை குலுக்கிக்கொண்டார்கள். வெளியே வரும்போது கிங்ஸ்டன் என்னிடம், "அன்னைக்கு எம் பக்கத்துலயே நில்லும். வாயத் தொறந்தீருன்னா கட்சிலேருந்து நீக்கிருவேன், பெறகு எம் மேல வருத்தப்படக்கூடாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நீக்குவதற்கும் அழுவார், சேர்ப்பதற்கும் அழுவார்.

நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

மும்தாஜிடம் சொன்னேன். "நோட்டீசு வட்டமோ சதுரமோ, பொம்பளையாளுவ நாங்க டெப்போ வாசல்ல உக்காந்திருவோம். ஒங்க ரெண்டு கூட்டமும் எந்தெந்தப் பக்கம் நிக்கணுமோ பைய பேசி முடிச்சிட்டு வாங்க" என்கிறாள். மாவட்டம் பூராவும் இவளுக்குத்தான் கட்சி இல்லை.

வருகிற 20ஆம் தேதி வியாழக்கிழமை டெப்போ முன்னால் போராட்டம். நீங்கள்தான் கோஷம். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கப் போகிறேன். அதை நினைத்தால் இப்போதே தாடை வலிக்கிறது.

மதார்


தச்சநல்லூர்
15 பிப்ரவரி 2025

தோழர் மதார்,

தங்கள் சங்கடம் புரிகிறது. கட்சியிலிருந்து தாங்கள் நீக்கப்படுவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை. ஒருமுறை காரணமாக இருந்தது போதும்.

ஆகவே, இடையில் மூச்சை நிறுத்தாமல் கோஷம் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். தாங்கள் நுழைய இடமே இருக்காது. காலையிலும் மாலையிலும் மொட்டைமாடியில் பயிற்சி. முதல் நாள் பயிற்சியை என் மகன் கணேஷ்ராம் போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினான். நிறுத்தக் கூடாது என்று நினைத்த எல்லா இடத்திலும் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாம் நாள் ஒருவாறு வந்தது. நான்காம் நாள் கணேஷ்ராம் மூச்சிரைப்பு என்று பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்ன செய்தீர்கள் என்றார். இன்குலாப் என்றேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பூதலிங்கம்


தச்சநல்லூர்
23 பிப்ரவரி 2025

ஏலே மதாரு,

தொண்டை போய்விட்டது. பத்து நாள் பேசக் கூடாது என்கிறார் அதே டாக்டர். அதனால் எழுத்துதான்.

அன்றைக்கு மேடையிலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன். உன் இடத்திலிருந்து உனக்குத் தெரிந்திருக்காது. ஹெப்ரானின் மைக் இரண்டாவது கோஷத்தில் செத்துப்போனது. எங்கள் ஆட்கள் மைக் வருவதற்காகப் பேசாமல் நின்றார்கள். உங்கள் ஆட்கள் தீர்மானப்படி பேசாமல் நின்றார்கள். மும்தாஜ் பேகமும் மற்றப் பெண்களும் வாசலில் வெயிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மாடி ஜன்னலை மூடப் போனார். அந்த ஜன்னல் மூடினால் வண்டி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வெறும் தொண்டையில் "விடியக்கால வண்டிய" என்று இழுத்தேன். பழகிய பயிற்சி எல்லாம் மறந்துபோய், மூச்சு தானாக நின்றது.

நீ எதிர்ப்பக்கம் நின்றாய். கிங்ஸ்டன் உன் தோளைப் பிடித்திருந்தார். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு, முழி பிதுங்க, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவன்போல நின்றாய். பிறகு "விடு" என்று ஒரு சத்தம் வந்தது. மேனேஜர் ஜன்னலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அரை நொடிகூடத் தாமதம் இல்லை.

அடுத்ததற்கு உன்னோடு கிங்ஸ்டனும் பதில் சொன்னதை நீ கவனித்தாயா. உன் தோளைப் பிடித்த கையை எடுக்காமலேயே இன்னொரு கையைத் தூக்கினார். அதற்கடுத்தது எல்லாரும். எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. சிவசைலம்கூட 'வாழ்க' வேறு, 'ஒழிக' வேறு என்று குரல் காட்டினார்.

உன் முகத்தில் விழித்தாயிற்று. முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ராஜராஜேஸ்வரி ஒருமனதாக ஆமோதித்தாள்.

பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனீர்களே, அங்கே என்ன நடந்தது. சிவசைலத்திடம் கேட்டால் "தோழமையுடன் நடந்தது" என்று மட்டும் சொல்கிறார். வண்டி மார்ச் 3 முதல் வருகிறதாமே. வரவேற்புக்கு நான் வர முடியாது. அந்த முதல் நாள் பயிற்சிப் பதிவை கணேஷ்ராம் ஹெப்ரானுக்கு அனுப்பியிருக்கிறான். குழாயில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு நிறுத்திய இடங்களோடுதான் இருக்கிறது.

பூதலிங்கம்


கீழத்தோட்டம்
3 மார்ச் 2025

அண்ணாச்சி,

தொண்டைக்கு ஓமவல்லி இலையை மென்று சாற்றை விழுங்குங்கள். 'ஏலே' என்று எழுதியிருந்ததை மும்தாஜிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாவது தடவை எழுந்து போய்விட்டாள்.

உள்ளே நடந்தது இது. கிங்ஸ்டன், சிவசைலம், மும்தாஜ், நான், நாலு பேர். மேனேஜர், "சரி, வண்டி விடுதோம். எத்தன மணிக்கு வேணும்" என்றார். வெளியே போட்ட கோஷத்தில் இரண்டு செயலாளருக்கும் மனசு இளகிப்போய் இருந்தது. கிங்ஸ்டன் "அஞ்சரை" என்றார். அதே நேரம் சிவசைலம் "ஆறு" என்றார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல தோழர், ஒங்க நேரமே இருக்கட்டும்."

"அதெப்படி தோழர், மக்கள் ஒங்க நேரத்தத்தான் விரும்புதாவ."

"நாங்க விட்டுக்குடுத்தாச்சு."

"நாங்க ஒங்களுக்கு முன்னாலேயே விட்டுக்குடுத்தாச்சு வே."

யார் முதலில் விட்டுக்கொடுத்தது என்று சத்தம் ஏறிவிட்டது. மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மும்தாஜ், "சார், அஞ்சே முக்கால்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டார். மறுநாள் எங்கள் கட்சி, அவர்களைக் கால் மணி நேரம் இறங்கி வரவைத்தோம் என்று போஸ்டர் ஒட்டியது. உங்கள் கட்சியும் அதையேதான் ஒட்டியது. இந்தத் தடவை சதுரம்.

என்னை நீக்கவில்லை. கண்டித்திருக்கிறார்கள். கண்டித்த கூட்டத்திலேயே கிங்ஸ்டன், அடுத்த கூட்டுப் போராட்டத்துக்குப் பதில் போட இரண்டு கட்சிக்கும் சேர்த்து என்னை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். கூட்டுப் போராட்டம் என்றுதான் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

இன்றைக்கு வரவேற்பு. சஹர் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வந்துவிட்டோம். சிவசைலம் லட்டு கொண்டுவந்தார். நோன்பு என்றதும் எங்களுக்கு மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இரண்டு கொடியும் இருந்தன. காற்று இல்லை, அதனால் பிரச்சினை இல்லை. வண்டி ஐந்தே முக்காலுக்குச் சரியாக வந்தது. பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். தஸ்மியா வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கடைசியாகப் படிக்குப் போனாள். அந்த நேரம் ஹெப்ரான் உங்கள் பதிவைப் போட்டார். "இன்குலாப்" என்று உங்கள் குரல் வந்தது. இழுத்து, நிறுத்தியது.

தஸ்மியா படியிலிருந்து காலை எடுத்துத் திரும்பி நின்று கையைத் தூக்கி "ஜிந்தாபாத்" என்றாள். என் பிள்ளை. அடுத்ததற்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

டிவிஎஸ்ஸில் அவளை வைத்துக்கொண்டு விரட்டினேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் முந்திவிட்டோம். கொஞ்ச தூரம் தள்ளி ரோட்டோரம் நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கிக் கையைத் தூக்கினோம். ஓட்டுநர் தொழிற்சங்கத்துக்காரர். அவரும் கையை மடக்கித் தூக்கி, "ஜிந்தாபாத்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதார்